ஜின்னும் சைத்தானும்

ஜின், சைத்தான், இப்லீஸ் ஆகிய மூன்றையும் தமிழில் ‘பேய்’ என்ற ஒரே சொல்லால் நாம் பல நேரங்களில் குறித்துவிடுகிறோம். நம் வழக்கில் பேய் என்பது பெரும்பாலும் இறந்தோரின் ஆவி. இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின் என்பதோ, மனிதரைப் போலவே பிறந்து, உண்டு, மடியும் தனிப் படைப்பு. மனிதன் களிமண்ணாலும் ஜின் புகையற்ற நெருப்பாலும் படைக்கப்பட்டதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது.

மறைத்தல் என்னும் பொருளுடைய அரபு வேரினின்று பிறந்த சொல் ஜின். கருவில் மறைந்திருக்கும் சிசுவைக் குறிக்கும் ‘ஜனீன்’, மரங்கள் மூடிய சோலையைக் குறிக்கும் ‘ஜன்னத்’, அறிவு மறைக்கப்பட்டவனைக் குறிக்கும் ‘மஜ்னூன்’ ஆகியன இதன் உறவுச் சொற்கள். லைலாவைக் காதலித்த கைஸ் பெற்ற பட்டப்பெயரும் இதுவே.

இஸ்லாத்திற்கு முந்தைய அரபு நாட்டில், பாலைவெளியில் இரவு தங்குவோர் அவ்விடத்து ஜின்களிடம் அடைக்கலம் வேண்டினர். கவிஞனுக்குக் கவி சொல்லித் தரும் ஜின் ஒன்று உண்டெனவும் நம்பினர். ஆகவேதான், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்காவில் நபிகள் நாயகம் இறைவசனங்களை ஓதியபோது, குறைஷியர் அவரைக் ‘கவிஞர்’ என்றும் ‘மஜ்னூன்’ என்றும் பழித்தனர். நமக்கு வெவ்வேறாகத் தோன்றும் இவ்விரு சொற்களும் அன்று ஏறத்தாழ ஒரே குற்றச்சாட்டுதான்: இவ்வாக்கு ஜின் தந்தது என்பதே அது.

இதற்கு விடையாகக் குர்ஆன் ஜின்கள் இல்லையெனக் கூறவில்லை. அவற்றின் இடத்தையே மாற்றிவிட்டது. ‘அல் ஜின்’ எனப் பெயர் பெற்ற 72ஆம் அத்தியாயத்தில் ஜின் கூட்டமொன்று வேதம் ஓதப்படுவதைக் கேட்டு நம்பிக்கை கொள்கிறது; தம்முள் நல்லோரும் அல்லாதோரும் உண்டென ஒப்புக்கொள்கிறது. கவி சொல்லித் தருவோராகக் கருதப்பட்டவர்கள் இங்கே கேட்போராகிவிட்டனர். மனிதரைப் போல அவர்களும் தம் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள்.

ஆதமுக்குப் பணிய மறுத்த இப்லீஸும் ஜின் இனத்தவனே என்கிறது 18ஆம் அத்தியாயம். நெருப்பில் தோன்றியது அவன் குற்றமன்று. மண்ணில் பிறந்தவனைவிட நெருப்பில் பிறந்த தான் உயர்ந்தவன் எனத் தருக்கியதே குற்றம். சைத்தான் என்னும் பெயர் இவ்வாறு வழிகெட்டு, பிறரையும் வழிகெடுப்போர்க்கு உரியது. மனிதருள்ளும் ஜின்களுள்ளும் சைத்தான்கள் உண்டென்பது 6ஆம் அத்தியாயம் தரும் செய்தி.

குர்ஆனின் இறுதியான 114ஆம் அத்தியாயம், நெஞ்சில் தீமையை முணுமுணுப்போரிடமிருந்து இறைவனிடம் காவல் வேண்டுகிறது. அவ்வாறு முணுமுணுப்போர் ஜின்களிலும் மனிதரிலும் உளர் என அது முடிகிறது. ‘பேய்’ என்று மொழிபெயர்க்கும்போது நாம் தவறவிடுவது இந்தக் கடைசிச் சொல்லைத்தான்.