கொல்லன் பட்டறையும் லாரிப் பட்டறையும்

பட்டறை என்ற சொல் முற்காலத்துக் கிராமவாசியின் நினைவில் துருத்தியையும் உலையையும் சம்மட்டி ஒலியையும் எழுப்பிற்று. இன்று நாமக்கல்லில் அச்சொல்லைக் கூறினால், லாரிக்குப் பாடி கட்டும் கூடத்தையே சுட்டுவர். சொல் மாறவில்லை, தொழில் மாறிற்று. இம்மாற்றத்தின் கதை, ஒரு வட்டாரத்தின் உழைப்பு வரலாறாகும்.

சேலத்துச் சமவெளி இரும்பு விளைந்த மண். கஞ்சமலையின் காந்த இரும்புத்தாதைக் களிமண் உலைகளில் அடுப்புக்கரியிட்டு உருக்கினர். அவ்விரும்பை ஆவாரங்கட்டைத் துண்டுகளுடன் மண்மூசையில் வைத்து, எருக்கிலை போன்றவற்றால் மூடிக் காய்ச்சி எஃகாக்கினர். ‘ஊட்ஸ்’ என ஐரோப்பியர் வழங்கிய இந்திய எஃகு இவ்வகையினதே. அதன் இயல்பறிய மைக்கேல் ஃபாரடே போன்ற அறிஞர்களே 1819ஆம் ஆண்டையொட்டி ஆய்வு நடத்தினர் என்றால், அதன் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கும்பினி ஊழியத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், இந்த வளத்தைக் கொண்டு பெருந்தொழில் காண விழைந்தார். 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துத் தாது அங்குச் சென்றது. ஆயினும், கரிக்கு வேண்டிய விறகு அருகிற்று, செலவு பெருகிற்று, 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே அம்முயற்சி அணைந்தது. கப்பலில் வந்திறங்கிய மலிவான சீமை இரும்பு, நாட்டு உலைகளையும் அணைத்தது.

இரும்பை உருக்கியவன் மறைந்தான். ஆனால், இரும்பை அடித்தவன் மறைந்தானா? இல்லை. சீமை இரும்பையே தன் உலையிலிட்டுக் கொழுவும் அரிவாளும் கடப்பாரையும் செய்தான். தச்சன் இணைத்த வண்டிச் சக்கரத்துக்கு, இரும்புப் பட்டையை எருமூட்டத்தில் சிவக்கக் காய்ச்சி மாட்டி, நீரூற்றி இறுகச் செய்தான். மரமும் இரும்பும் ஒன்றையொன்று கவ்வும் இந்த நுட்பமே பிற்காலத்துக்கு விதையாயிற்று.

விடுதலைக்குப்பின் சென்னையில் 1948ஆம் ஆண்டிலும், ஜாம்ஷெட்பூரில் 1954ஆம் ஆண்டிலும் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலைகள் நாட்டுக்கு லாரிகளைத் தந்தன. பெரும்பாலும் இயந்திரமும் சக்கரங்களும் பூண்ட வெற்றுச் சேசிஸாகவே அவை விற்கப்பட்டன. அதற்குக் கூண்டும் பாடியும் யார் கட்டுவது? மரச்சட்டம் பூட்டத் தச்சரும், கொண்டியும் கீலும் அடிக்கக் கொல்லரும் வேண்டியிருந்தது. சுமையால் நிமிர்ந்துபோன வில் பட்டைகளைக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றவும் கொல்லனின் கண்ணே தேவைப்பட்டது. பதத்தை அவன் நெருப்பின் நிறத்தால் அறிந்தான். வானம் பார்த்த நிலத்தை நம்பியிராது லாரித் தொழிலில் இறங்கிய நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு மக்கள் அவ்வேலைக்கு ஓயாத தேவையை அளித்தனர். சேலம்–கரூர் நெடுஞ்சாலையில் அமைந்த நாமக்கல், நாடறிந்த பாடி கட்டும் நகராயிற்று.

இப்பொழுது தொழிற்சாலைகளே கூண்டோடு முழு வண்டியை விற்கின்றன. பட்டறைகள் மீண்டும் தொழில் மாற வேண்டிய வேளை இது. தோற்றுப்போன ஹீத்தின் முயற்சிக்கு ஆவணங்கள் உண்டு. வென்று வாழ்ந்த பட்டறைக்காரனுக்கோ எண்ணெய்க்கறை படிந்த கணக்கேடும் முதியோர் நினைவுமே உண்டு. அவற்றை அடுப்புக்கும் கறையானுக்கும் விடுமுன் எழுதி வைப்பது, அவ்வீட்டுப் படித்த பிள்ளைகளின் கடனாகும்.