எந்த ஒன்பது?

கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி வரும் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தால் ஒன்பது வரும். 2006 வரை அச்சான அறிவியல் பாடநூல்களிலும் கோள்கள் ஒன்பதுதான். எண்ணிக்கை பொருந்துகிறதே என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு உதைக்கும். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து மட்டுமே இரண்டிலும் உண்டு. கோயிலில் மீதி நான்கு பேர் ஞாயிறு, திங்கள், ராகு, கேது. பாடநூலில் மீதி நான்கு பேர் பூமி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ. இரண்டு கூட்டத்துக்கும் தமிழில் ஒரே பெயர்: கோள்.

சொல் பழையது. ‘கொள்’ என்ற வினை நீண்டு ‘கோள்’ ஆனது. எடுத்தல், பற்றுதல் என்பது பொருள். குறிக்கோள், மேற்கோள் என்று நாள்தோறும் எழுதுகிறோமே, அவற்றில் இருப்பதும் இதே கோள்தான். வடமொழியின் ‘கிரகம்’ என்ற சொல்லுக்கும் வேர்ப்பொருள் பற்றுதலே. கிரேக்கர்கள் மட்டும் இவற்றை ‘அலைபவை’ என்றார்கள். ஆங்கிலத்தின் பிளானட் அதிலிருந்து வந்தது.

எதைப் பற்றுகிறது கோள்? சூரிய ஒளியைக் கொள்வதால் கோள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு வெள்ளியின் ஒளி சொந்தமா இரவலா என்று எப்படித் தெரிந்திருக்கும்? கிரகணத்தன்று பாம்பு திங்களைக் ‘கொண்டது’ என்கிறது குறள். அதை வைத்துப் பார்த்தால், வானில் திரிபவை பிடித்து ஆட்டும் என்ற பழைய அச்சமே இந்தப் பெயருக்கு அருகில் நிற்கிறது.

சங்கப் புலவர்கள் வானத்து ஒளிப்புள்ளிகளை நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பிரித்தார்கள். ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் கூட்டமாகவே நகர்பவை நாள்மீன்கள். அவற்றுக்கிடையே தம் போக்கில் போகிறவை கோள்மீன்கள். இதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் பொறுமையும் போதும். செவ்வாயை வாரம் ஒருமுறை பார்த்து, அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்துத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் புள்ளிகள் கிழக்கே நகரும். ஒரு கட்டத்தில் நிற்கும். பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் மேற்கே திரும்பி நடந்து, மறுபடியும் கிழக்கே போகும். பஞ்சாங்கம் இதை வக்கிரம் என்கிறது. ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை இது நடக்கிறது. உண்மையில் செவ்வாய் திரும்புவதே இல்லை. உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி அதை முந்திச் செல்லும்போது அப்படித் தெரிகிறது.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு விருந்து வருகிறது. மன்னன் நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவு படைக்கிறான். அதற்கு உவமை, கோள்மீன்கள் சூழ்ந்த இளஞாயிறு. சூரியனைக் கோள்கள் சுற்றுவது தமிழருக்கு அன்றே தெரியும் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். புலவர் வியந்தது பொற்கலத்தை. எது எதைச் சுற்றுகிறது என்று அவர் கணக்குப் போடவில்லை. உவமையை உவமையாக விட்டுவிட்டால் அதற்கு ஒரு குறைவும் இல்லை.

கணக்குப் போட்டவர்கள் வேறு ஆட்கள். ராகுவும் கேதுவும் வானத்தில் தெரியாதவை; சூரியனின் பாதையும் நிலாவின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை. சூரியனும் நிலாவும் அந்தப் புள்ளிகளுக்கு அருகில் இருந்தால்தான் கிரகணம் நடக்கும். கிரகணம் கணிப்பவருக்கு அவை இல்லாமல் வேலை ஓடாது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு இதைச் செய்தே காட்டினார். தரையில் சோழிகளை வைத்தார். அட்டவணை எண்கள் சொற்களாக அவர் மனத்தில் இருந்தன. அவற்றை வைத்து அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம்தான். முடிவு நேரம் 52 நிமிடம் தவறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டியலின் முதல் பெரிய புரட்டல் 1543-இல் கோப்பர்நிக்கஸின் நூலோடு வந்தது. ஞாயிறு நடுவுக்குப் போனது, பூமி கோள் ஆனது. 1610-இல் கலிலியோவின் தொலைநோக்கியில் வியாழனுக்கு அருகே நான்கு புள்ளிகள் இரவுக்கு இரவு இடம் மாறின. கோளைச் சுற்றும் இத்தகையவற்றைத்தான் இன்று துணைக்கோள் என்கிறோம். நம் திங்களும் அந்த வரிசைக்கு இறங்கியது.

யுரேனஸின் கதை வேடிக்கையானது. 1690-இல் ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்துவிட்டு விண்மீன் என்று குறித்துவைத்தார். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல், தானே செய்த தொலைநோக்கியில் பார்த்து வால்வெள்ளி என்று நினைத்தார். அதன் பாதையைக் கணக்கிட்ட பிறகுதான் கோள் என்பது உறுதியானது. 1846-இல் நெப்டியூனின் இடத்தை லெ வெரியே தாளிலேயே கணித்துச் சொல்ல, பெர்லினில் காலே அவர் கடிதம் கிடைத்த அன்றிரவே அதைக் கண்டார்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகத்திலிருந்து 1861 ஏப்ரலில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். வரிசை எண் 67. முதல் எண்ணுக்குரிய சிரிஸ், 1801-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது கோளாகத்தான் எண்ணப்பட்டது. அதன் பாதைக்கு அருகிலேயே கூட்டம் கூட்டமாக வேறு கற்கள் அகப்படவே, அதைக் கோள் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புளூட்டோவுக்கு நடந்ததற்கு இதுவே ஒத்திகை.

புளூட்டோவைக் கண்டவர் கிளைடு டாம்பா. கான்சாஸ் விவசாயி மகன். கல்லூரிக்குப் போக வசதியில்லை. தானே செய்த தொலைநோக்கியில் பார்த்து வரைந்த செவ்வாய், வியாழன் படங்களை அரிசோனாவின் லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பி, வேலை வாங்கினார். வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் படமெடுப்பது, இரண்டையும் ஒரு கருவியில் பொருத்தி மாற்றி மாற்றிப் பார்ப்பது: இதுதான் அவர் வேலை. விண்மீன்கள் அசையாது, கோளாக இருந்தால் இடம் மாறித் துள்ளும். சில தட்டுகளில் விண்மீன்கள் லட்சத்தைத் தாண்டும். 1930 பிப்ரவரி 18 அன்று, ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த தட்டுகளில், மிதுன மண்டலப் பகுதியில் ஒரு சின்னப் புள்ளி துள்ளியது. அவருக்கு வயது 24. புளூட்டோ என்ற பெயரை முன்மொழிந்த வெனிசியா பர்னிக்கு வயது 11.

2005-இல் ஏறக்குறைய புளூட்டோவின் அளவேயுள்ள ஏரிஸ் கண்டறியப்பட்ட செய்தி வந்தது. பத்தாவது கோள் என்பதா, ஒன்பதாவதை எடுத்துவிடுவதா? 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகாவில் கூடிய வானியலாளர்கள் வாக்கெடுத்தார்கள். கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டிருக்க வேண்டும், தன் பாதையைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்று, குறுங்கோள் ஆனது. அந்த ஜனவரியில்தான் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை நோக்கிக் கிளம்பியிருந்தது. 2015 ஜூலை 14 அன்று சுமார் 12,500 கி.மீ. நெருக்கத்தில் கடந்து, பனி மலைகளையும் நைட்ரஜன் பனிச் சமவெளியையும் படமெடுத்தது. அந்தக் கலத்தில் டாம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையும் போயிருந்தது.

இதற்கிடையே 1957-இல் 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் பூமியைச் சுற்றியது. தமிழ் அதைச் செயற்கைக்கோள் என்றது. நியாயமாகப் பார்த்தால் அது செயற்கைத் துணைக்கோள். நீளம் கருதி யாரும் அப்படிச் சொல்வதில்லை.

1995-இல் மிஷெல் மேயரும் டிடியர் கெலோவும் வேறொரு சூரியனைச் சுற்றும் கோளை அறிவித்தார்கள். அதை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. 51 பெகாசி என்ற விண்மீன் 4 நாளுக்குச் சற்று மேலான இடைவெளியில் முன்னும் பின்னும் ஆடியது. எதுவோ அதைப் பிடித்து இழுக்கிறது என்று கணித்தார்கள். இப்படிப்பட்ட புறக்கோள்கள் இன்று 5,000-க்கும் மேல். பிராகா தீர்மானம் நம் சூரியக் குடும்பத்துக்கு மட்டுமானது. எனவே புறக்கோள்களுக்கென வானியலாளர்கள் தனியாக ஒரு தற்காலிக வரையறை வைத்திருக்கிறார்கள்.