பின்பாட்டுப் பெட்டி வந்த வழி

1840-களில் பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் தெபெய்ன் உரிமம் பெற்ற ஆர்மோனியம், காலால் மிதித்துக் காற்றடிக்கும் கனத்த கருவியாகக் கப்பலேறி இந்தியா வந்தது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக்கினார். தரையில் உட்கார்ந்து வாசிக்க வசதியான அந்தப் பெட்டி, நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போயிற்று. தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ நாடகங்கள் விடிய விடிய நடந்த மேடைகளில் பாட்டுக்கு முதல் துணை பின்பாட்டுக்காரரின் ஆர்மோனியம்தான்.

ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் ஐரோப்பிய முறையும் அந்தப் பெட்டியோடு வந்தது. அதன் இயல்பை அறிய நான்கு கட்டைகள் போதும்: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுஸ்ருதி தைவதம். சேர்த்து அழுத்தினால் மேற்கத்திய இசையின் டிமினிஷ்ட் செவந்த் கார்டு. ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், இதில் ஒவ்வொரு இடைவெளியும் சரியாக 300. நான்கில் எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் வடிவம் மாறாது. அதனால் பன்னிரண்டு கட்டைகளிலும் இப்படி மூன்றே கார்டுகள்தான் உண்டு.

மற்ற சுருதி முறைகளில் இந்தச் சமம் கிடையாது. 6:5 என்ற இயற்கை விகிதத்தில் அமையும் சாதாரண காந்தாரம் ஏறத்தாழ 316 சென்ட். அந்த இடைவெளியை நான்கு முறை அடுக்கினால் மேல் ஷட்ஜத்தையும் தாண்டி 63 சென்ட் மிஞ்சும். அது அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல். பழைய ஐரோப்பிய ஆர்கன்களின் மீன்டோன் முறையில் மூன்று இடைவெளிகள் 310, ஒன்று மட்டும் 269. அந்தக் குறுகல் விழும் இடத்தைக் கொண்டு கார்டு எந்தச் சுருதியைச் சேர்ந்தது என்று காது அறியும். சமப் பகுப்பில் அந்த அடையாளம் போய்விட்டது.

சங்கரதாஸ் சுவாமிகளின் தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ள எட்டயபுரம் அரண்மனைக்கு இன்னொரு ஐரோப்பியக் கருவி முன்பே வந்திருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் வயலின் அது. கட்டை இல்லாத அதன் தந்தியில் விரல் வழுக்கிப் போகும். கமகம் தடையில்லாமல் பிறக்கும். கச்சேரி அதை ஏற்றுக்கொண்டது. கமகத்துக்கு இடமில்லாத ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கியது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது.

ஆனால் மைக் இல்லாத மேடையில், எந்தக் கட்டையில் பாடும் நடிகருக்கும் ஒரே பெட்டி ஈடுகொடுத்தது இந்தச் சமப் பகுப்பால்தான். அதற்குக் கொடுத்த விலை, காந்தாரத்தில் 16 சென்ட். இரண்டையும் நம் பிள்ளைகள் காதால் அறிய வேண்டும். கீபோர்டு சொல்லித்தரும் ஆசிரியர்களே, அந்த நான்கு கட்டைகளையும் அழுத்திக் காட்டிய கையோடு, தம்புரா சுருதியில் காந்தாரத்தைப் பாடவும் பழக்குங்கள்.