மேல் படி ஏறாத வீரர்கள்

'விளையாட்டு வீரர்களும் போரும்' என்ற இன்றைய தலைப்பில் புகழ்பெற்றவர்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பலரும் பெயர்கூடக் கேட்டிராத சிலரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் என்றால் உயிர். அதன் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே பல படிகளாக இருப்பது மைனர் லீக். சிறு நகரக் குழுக்கள், குறைந்த சம்பளம், ஓயாத பயணம். என்றாவது ஒருநாள் மேலே அழைப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அந்த இளைஞர்களை ஆட வைத்தது.

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. மேஜர் லீக் வீரர்கள் 500 பேருக்கும் மேல் படையில் சேர்ந்தனர். மேஜர் லீக்கில் ஆடியவர்களுள் போரில் கொல்லப்பட்டவர்கள் எல்மர் கெடியன், ஹாரி ஓநீல் ஆகிய இருவர் மட்டுமே. ஆனால் மைனர் லீக் வீரர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பது ஒரு காரணம். நட்சத்திர வீரர்கள் பலரை ராணுவம் தன் குழுக்களில் ஆட வைத்தது என்பது இன்னொரு காரணம்.

ஜோ பிண்டர் ஒரு பந்து வீச்சாளர். 1939-இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு குழுவுக்கு 17 வெற்றிகளைத் தேடித் தந்தும் மேலிருந்து அழைப்பு வரவில்லை. 1944 ஜூன் 6, அவருடைய 32-ஆவது பிறந்த நாள். அன்றுதான் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த பிண்டர், இடுப்பளவு நீரில் வானொலிக் கருவியைச் சுமந்து நடந்தார். குண்டு பாய்ந்தும் கருவியைக் கரை சேர்த்தார். சிகிச்சையை மறுத்து, மிச்சமிருந்த கருவிகளை மீட்க மூன்று முறை கடலுக்குள் திரும்பிச் சென்றார். மூன்றாம் முறை கால்களில் குண்டு பாய்ந்தது. அப்போதும் தொடர்பை ஏற்படுத்த உதவிக்கொண்டிருந்தவரை அடுத்த குண்டு வீழ்த்தியது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான 'மெடல் ஆஃப் ஆனர்' அவர் இறந்தபின் வழங்கப்பட்டது.

பில்லி சவுத்வொர்த்தும் மைனர் லீக் வீரர்தான். அவருடைய தந்தை, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவின் நிர்வாகி. அமெரிக்கா போரில் இறங்குமுன்பே படையில் சேர்ந்த மகன், ஐரோப்பாவில் 25 முறை குண்டுவீச்சு விமானத்தில் பறந்து உயிரோடு நாடு திரும்பினார். 1944 அக்டோபரில் தந்தையின் குழு உலகத் தொடரை வென்றது. நான்கே மாதங்களில், 1945 பிப்ரவரி 15 அன்று, நியூயார்க் அருகே மகனின் விமானம் நீரில் விழுந்தது. அவருடைய உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது.

நேயர்களே, மேஜர் லீக் ஆட்டக் குறிப்புகளில் இந்த இருவரின் பெயரும் இல்லை. வென்றவர்களை மட்டுமே எண்ணிப் பழகிய நாம், விளையாட்டில் மேல் படி ஏறாதவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். அழைப்புக்காகக் காத்திருந்த இந்த இளைஞர்களுக்கு வந்தது போரின் அழைப்பு. அதை ஏற்றுச் சென்றவர்களைத் தோற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?