பழைய கம்பியின் நாதம்

நான்கு கம்பிகள் மட்டுமே கொண்ட பாஸ் கிட்டாரை நம்மில் பலர் இசை மேடைகளிலும் ஆலயப் பாடகற்குழுக்களிலும் கண்டிருக்கிறோம். கேட்டிருக்கிறோம் என்று துணிந்து சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. பாடுகிறவரின் குரல் கேட்கிறது. வயலினும் ஆர்மோனியமும் கேட்கின்றன. அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பாஸ் திடீரென நின்றுபோனால்தான், எதையோ இழந்துவிட்டோமே என்று காது தேடத் தொடங்குகிறது. இத்துணை அடக்கமான கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் 'புதியது', 'பழையது' என்னும் இரு சொற்களும் பலமுறை தம் இடத்தை மாற்றிக்கொண்டுள்ளன.

1940களின் அமெரிக்க நடன மண்டபங்களில் கிட்டார் மின்மயமாகிவிட்டது. ஊது கருவிகளும் டிரம்மும் முழங்கின. இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக நிற்கவேண்டிய பொறுப்பு, ஓர் ஆளின் உயரத்தையும் விஞ்சி நிற்கும் டபுள் பாஸ் என்னும் மரக் கருவியிடம் இருந்தது. அதனை ஊர் ஊராகச் சுமந்து செல்வதே பெரும்பாடு. சுமந்து சென்று வாசித்தாலும் அதன் ஒலி மற்றக் கருவிகளின் ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று. இக்குறையைத் தீர்க்கச் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் 1930களிலேயே 'ஆடியோவாக்ஸ்' என்ற பெயரில் மின்சாரப் பாஸ் ஒன்றைச் செய்து விற்றார். ஆயினும் அதற்குக் காலம் கனியவில்லை.

கனிந்தது 1951ஆம் ஆண்டில். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கடை நடத்தித் தம் தொழில் வாழ்வைத் தொடங்கியவர் லியோ ஃபெண்டர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கிட்டார் வாசிக்க இறுதிவரை கற்றுக்கொள்ளாதவர். இசைக்கருவி செய்பவருக்கு இஃது ஒரு குறையன்றோ என்று கேட்கலாம். எனக்கென்னவோ அதுவே அவருடைய பலமாக இருந்தது என்று தோன்றுகிறது. தம் விரல்களுக்கென்று ஒரு பழக்கமும் விருப்பமும் இல்லாத காரணத்தால், தம்மை நாடி வந்த கலைஞர்களின் முறையீடுகளுக்கு அவர் முழுமையாகச் செவிசாய்த்தார்.

அவர் உருவாக்கிய கருவியின் பெயர் 'பிரிசிஷன் பாஸ்'. பிரிசிஷன் என்றால் துல்லியம். டபுள் பாஸின் கழுத்தில் மெட்டுகள் கிடையா; விரல் ஒரு நூலளவு தவறினாலும் சுரம் பிசகிவிடும். வீணையில் இருப்பது போன்று மெட்டுகளைப் பதித்துவிட்டால் அந்த அச்சம் நீங்கிவிடுகிறது. அதிரும் கம்பியின் நீளத்தையும் அவர் 34 அங்குலமாகக் குறைத்தார். டபுள் பாஸில் அது ஏறத்தாழ 42 அங்குலம். உள்ளீடற்ற பெரும் மரப்பேழைக்குப் பதிலாக, தடித்த பலகை போன்ற ஓர் உடல். அதன்மேல் காந்தமும் கம்பிச் சுருளும் அடங்கிய ஒரு பிக்கப். கம்பியின் அதிர்வை அது மின்னலையாக மாற்ற, ஆம்ப்ளிஃபையர் அதனைப் பேரொலியாக்கிற்று. பெட்டியில் வைத்துக் கையில் எடுத்துச் செல்லலாம்; கிட்டார் வாசிக்கத் தெரிந்தவரே இதையும் வாசித்துவிடலாம்.

டபுள் பாஸ் கலைஞர்கள் பலர் இதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். அவர்கள் நோக்கில் அதில் நியாயமும் இருந்தது. விரலின் நுட்பத்தால் சுரத்தைத் தேடிப் பிடித்தவனுக்கு, மெட்டுகள் ஊன்றுகோலாகத்தானே தெரியும்! எனினும் லயனல் ஹாம்ப்டனின் புகழ்பெற்ற ஜாஸ் குழு 1950களின் தொடக்கத்திலேயே இப்புதிய கருவியை மேடையேற்றியது. அக்குழுவில் அதை வாசித்த மங்க் மாண்ட்கோமரி, ஜாஸ் உலகில் அதற்கு மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர்.

அந்த முதற்கருவியில் ஒரு சிறு செய்தி கவனிக்கத்தக்கது. கம்பிகள் வந்து அமரும் குதிரையின்மீது ஓர் உலோக மூடி இருந்தது. அம்மூடியின் உட்புறத்தில் கம்பிகளை மெல்ல அழுத்தும் ஒரு மென்மையான திண்டு வைக்கப்பட்டிருந்தது. அதாவது, புதிய கருவியைச் செய்தவரே அதன் சுரம் நெடுநேரம் நீண்டு ஒலிப்பதை விரும்பவில்லை. டபுள் பாஸைப் போல 'தும்' என்று பிறந்து உடனே அடங்கவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. புதியது பழையதின் குரலில் பேசவேண்டியிருந்தது.

1957ஆம் ஆண்டு லியோ தம் படைப்பைத் திருத்தினார். ஒற்றைச் சுருளாக இருந்த பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, இரண்டிரண்டு கம்பிகளுக்கு ஒன்றாகச் சற்றே விலக்கி வைத்தார். இரு பாதிகளும் எதிரெதிராகச் செயற்படுமாறு இணைக்கப்பட்டதால், மின்சாரத்தால் எழும் 'உம்' என்ற இரைச்சல் தன்னைத்தானே நீக்கிக்கொண்டது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு காந்தமுனைக்குப் பதில் இரண்டு வந்தன. ஒலியின் தொடக்கத்திலிருந்த முரட்டுத்தன்மை தணிந்தது. 1951ஆம் ஆண்டுக் கருவியையும் 1957ஆம் ஆண்டுக் கருவியையும் அடுத்தடுத்துக் கேட்டால், முன்னதில் ஒரு வெளிப்படையான, சற்றே மூக்கொலி கலந்த குரலும், பின்னதில் உருண்டு திரண்ட குரலும் புலப்படும். என் செவிக்குப் பின்னதே நிறைவானது. உலகமும் அப்படியே எண்ணியது போலும். பிரிசிஷன் பாஸின் அடிப்படை அமைப்பு இன்றளவும் அந்த 1957ஆம் ஆண்டு அமைப்பேயாகும். 1960இல் இதன் இளைய உடன்பிறப்பாக, மெலிந்த கழுத்தும் இரண்டு பிக்கப்புகளும் கொண்ட 'ஜாஸ் பாஸ்' வெளிவந்தது.

இனி ஒரு மனிதரைப் பற்றிப் பேசவேண்டும். கருவிகளை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் அது விலைப்பட்டியல் ஆகிவிடும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் 1936இல் தென் கரோலினா மாநிலத்தின் எடிஸ்டோ தீவில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். டெட்ராய்ட் நகரில் பள்ளி மாணவராக டபுள் பாஸ் கற்றார். பெரி கோர்டி என்பவர் 1959இல் அந்நகரில் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம், ஒரு வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி அமைத்திருந்தது. அங்கே ஜேமர்சன் அன்றாடம் சென்று வாசிக்கும் கலைஞரானார். டபுள் பாஸிலிருந்து மின்சாரப் பாஸுக்கு மாறியபோதும் பழைய பழக்கங்களை அவர் உதறவில்லை. டபுள் பாஸை மீட்டியது போலவே வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார். தடித்த கம்பிகளைக் கழுத்திலிருந்து உயரமாக ஏற்றி வைத்திருந்தார். மற்றவர்களுக்கு அவற்றை அழுத்துவதே சிரமம். குதிரையின் மூடிக்கு அடியில் பஞ்சுத் திண்டு ஒன்றும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1962ஆம் ஆண்டில் செய்யப்பட்ட தம் பிரிசிஷன் பாஸின் கம்பிகளை, அறுந்தாலொழிய அவர் மாற்றுவதில்லை.

இதனைச் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது. கம்பி ஒன்றை மீட்டும்போது எழுவது ஒற்றை ஒலியன்று. அடிச்சுரத்தோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு எனப் பல மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. புதுக்கம்பியில் இம்மேற்சுரங்கள் வலுவாக ஒலிப்பதால் ஒலி பளிச்சென்று மினுங்கும். நாள்பட நாள்பட விரலின் வியர்வையும் அழுக்கும் கம்பிச் சுற்றுகளின் இடுக்கில் படிய, மேற்சுரங்கள் முதலில் மங்கும், அடிச்சுரம் நிலைக்கும். ஜேமர்சனின் கம்பிகளோ தட்டையான உலோக நாடாவைச் சுற்றி வழவழப்பாக்கப்பட்டவை. இயல்பிலேயே மினுமினுப்புக் குறைந்தவை. அவையும் பழையவையாக, பஞ்சுத் திண்டும் சேர்ந்துகொள்ள, எஞ்சியது ஆழ்ந்து பிறந்து விரைவில் அடங்கும் ஒரு நாதம்.

மோட்டவுன் கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிட்டார்கள், பியானோ, டிரம், கஞ்சிராவைப் போன்ற டாம்பரின் எனப் பலவும் ஒலித்தன. இவற்றுக்கிடையே பாஸும் மினுங்கியிருந்தால் ஒன்றையொன்று மறைத்திருக்கும். ஜேமர்சனின் ஒலி பிறருக்கு இடம் விட்டது. இடம் விட்டதனாலேயே, அவரால் துணிந்து நிறையச் சுரங்களை வாசிக்க முடிந்தது. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' (1964) பாடலின் தொடக்கத்தில் தனித்து ஒலிப்பது அவருடைய பாஸ்தான். ஸ்டீவி ஒண்டரின் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' (1968) பாடலில் அந்தப் பாஸ் ஓரிடத்திலும் ஓய்ந்திருப்பதில்லை. ஆயினும் பாடகரை அது இடறுவதுமில்லை. இத்தனை பாடல்களுக்கும் அடித்தளமிட்டவரின் பெயர் அந்நாளைய இசைத்தட்டு உறைகளில் காணப்படவில்லை. 1971இல் வெளிவந்த மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாயின. ஜேமர்சனின் பெயருக்கு முன் ஒப்பற்றவர் என்ற அடைமொழியும் சேர்ந்திருந்தது.

இதே காலத்தில் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தில் ஜான் என்ட்விசில் என்னும் ராக் இசைக் கலைஞரின் விருப்பத்திற்கேற்ப, ரோட்டோசவுண்டு நிறுவனம் 1966இல் உருண்டைக் கம்பி சுற்றிய பாஸ் தந்திகளை உருவாக்கித் தந்தது. இவை சொரசொரப்பானவை, பியானோவைப் போன்று கணீரென ஒலிப்பவை. அமெரிக்காவிலோ லாரி கிரஹாம் என்பவர், தம் தாயோடு சேர்ந்து வாசித்த சிறு குழுவில் டிரம் இல்லாத குறையைப் போக்கக் கட்டைவிரலால் பாஸின் கம்பியைத் தட்டியும் விரலால் சுண்டியும் வாசிக்கலானார். இல்லாமையிலிருந்து பிறந்த இம்முறை, பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு பாணியாயிற்று. அதற்குத் தேவைப்பட்டது பளிச்சென்ற புதுக்கம்பி. பழைய கம்பியைத் தட்டினால் மரத்தைத் தட்டியது போலத்தான் கேட்கும்.

லியோ ஃபெண்டர் உடல்நலக் குறைவால் தம் நிறுவனத்தை 1965இல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. 1976இல் மியூசிக் மேன் என்ற நிறுவனத்தின் வழியாக 'ஸ்டிங்ரே' பாஸ் வெளிவந்தது. கருவிக்குள்ளேயே மின்கலம் ஒன்று. அதனால் இயங்கும் சிறு மின்சுற்று. உயர் ஒலியையும் தாழ் ஒலியையும் வாசிப்பவர் கருவியிலேயே கூட்டிக்கொள்ளலாம். தம் 1951ஆம் ஆண்டுக் கருவியைத் தாமே பழையதாக்கிவிட்டார் அம்முதியவர். இரண்டையும் ஒப்பிட்டால் ஸ்டிங்ரே கூர்மையானது, தெளிவானது, எந்தக் கூட்டத்திலும் தன்னைக் கேட்கச் செய்வது. மின்சாரப் பாஸ் எதற்காகப் பிறந்ததோ, அந்த நோக்கம் அதில் முழுமையடைந்தது என்றே சொல்லவேண்டும். பழைய பிரிசிஷனுக்கு இருந்த ஒன்று மட்டும் அதற்கு எளிதில் கைகூடுவதில்லை: மறைந்து நிற்பது.

மறைந்து நின்றவரின் நிலை என்னவாயிற்று? மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் பெயர்ந்தது. ஜேமர்சனும் சென்றார். அங்கிருந்த ஒலிப்பதிவாளர்கள் புது ஒலியைக் கேட்டனர். புதுக்கம்பிகளைப் பூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. மதுப்பழக்கமும் அவரை வாட்டியது, வாய்ப்புகள் குன்றின. பிடிவாதம் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பதுதானே தொழில் என்பார்கள். அவ்வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக விரலும் செவியும் கம்பியும் சேர்ந்து ஒன்றாகிவிட்ட ஒருவரிடம் கம்பியை மட்டும் மாற்றச் சொல்வது எத்துணைப் பெரிய கோரிக்கை என்பதை, கேட்டவர்கள் உணர்ந்திருக்கமாட்டார்கள்.

மோட்டவுன் நிறுவனத்தின் வெள்ளிவிழா நிகழ்ச்சி 1983 மார்ச் 25 அன்று பசதீனா நகர அரங்கில் நடைபெற்றது. உலகப் புகழ் பெற்ற அந்நிகழ்ச்சியில்தான் மைக்கேல் ஜாக்சன் 'பில்லி ஜீன்' பாடலுக்கு ஆடினார். அப்பாடலின் ஒலிப்பதிவில் பாஸ் வாசித்தவர் லூயிஸ் ஜான்சன்; கட்டைவிரல் பாணிக்கும் ஸ்டிங்ரே கருவிக்கும் பெயர் பெற்றவர். அந்த அரங்கில் ஜேமர்சனும் இருந்தார். மேடையிலன்று, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர்களோடு அமர்ந்திருந்தார்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1982இல், ஃபெண்டர் நிறுவனம் 1957, 1962 ஆகிய ஆண்டுகளின் பிரிசிஷன் பாஸைப் போலவே புதுக்கருவிகளைச் செய்து விற்க முன்வந்தது. பழையவற்றைத் தேடி வாங்குவோர் பெருகியிருந்தனர். ஒலிப்பதிவுக் கூடங்கள் ஜேமர்சனின் ஒலியைப் பழசு என்று ஒதுக்கிய அதே நாள்களில், அவர் கையிலிருந்த கருவியின் மறுபதிப்பு புதிய சரக்காகக் கடைக்கு வந்துகொண்டிருந்தது.

1983 ஆகஸ்ட் 2 அன்று, தம் 47ஆம் வயதில் ஜேமர்சன் காலமானார். அவருடைய 1962ஆம் ஆண்டுக் கருவி அதற்குச் சற்று முன்னரே களவு போயிருந்தது. லியோ ஃபெண்டர் 1991 வரை வாழ்ந்தார். 1980இல் மூன்றாவதாகத் தாம் தொடங்கிய ஜி அண்டு எல் நிறுவனத்தின் பட்டறையில் இறுதிவரை புதுப்புதுக் கருவிகளை அமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 2000ஆம் ஆண்டில் ராக் அண்டு ரோல் புகழ்மண்டபத்தில் ஜேமர்சனின் பெயர் இடம்பெற்றது. அவர் பயன்படுத்திய தடித்த தட்டைக் கம்பிகளை லா பெல்லா நிறுவனம் அவர் பெயராலேயே விற்கிறது. வாங்கிப் பூட்டினால் முதல் நாள் அவையும் சற்றுப் பளிச்சென்றுதான் ஒலிக்கும். அந்த ஆழ்ந்த நாதம் வர, மாதக்கணக்கில் அவற்றை மாற்றாமல் வாசித்துக்கொண்டிருக்கவேண்டும்.