மாறிவரும் தேவதைக் கதையும் ஆரம்ப வகுப்பறையும் – ஒரு வரலாற்று நோக்கு

மேலைநாடுகளின் ஆரம்பப் பாடசாலைகளிலே தேவதைக் கதைகள் நெடுங்காலமாகப் பயின்று வந்துள்ளன. சிண்டரெல்லா, வெண்பனி இளவரசி, உறங்கும் அழகி முதலியோரின் கதைகளை அறியாத பிள்ளைகள் அங்கு மிகச் சிலரே எனலாம். கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் இக்கதைகளைப் புதுக்கி எழுதிய படநூல்கள் பல வகுப்பறைக்குள் நுழைந்துள்ளன. இளவரசனைத் தானே மீட்டுவரும் இளவரசி, ஆபிரிக்க மண்ணிலே பிறந்த அழகி, இளவரசியை விடுத்து இளவரசனை மணக்கும் இளவரசன் என முன்னைய கதைகளில் இடம்பெறாதோர் இந்நூல்களில் இடம்பெறுகின்றனர்.

இந்நூல்களைப் பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. பழைய கதையின் தூய வடிவத்தை இவை சிதைக்கின்றன என்பர் ஒரு சாரார். இவற்றைப் படித்துக் காட்டினாலே பிள்ளைகளின் மனப்பாங்கு மாறிவிடும் என்பர் மற்றொரு சாரார். முதற் கருத்து அச்சத்தினாலும் இரண்டாவது நம்பிக்கையினாலும் எழுந்தவை. தேவதைக் கதையின் வரலாற்றையும் அது வகுப்பறையிலே கேட்கப்பட்ட முறையையும் நோக்குமிடத்து, இவ்விரண்டும் நிலைக்கத்தக்கனவல்ல என்பது புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ‘தூய வடிவம்’ என்பதனை நோக்குவோம். சிண்டரெல்லாக் கதையின் 345 வடிவங்களை மரியன் றோல்ப் கொக்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1893 ஆம் ஆண்டிலேயே தொகுத்து வெளியிட்டார். அக்கதையை ஒத்த சீனக் கதையொன்று கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. ஐரோப்பாவிலே இக்கதைகளுக்கு இலக்கிய வடிவம் தந்தோருள் முதன்மையானவரான சார்ள்ஸ் பெரோ, தமது எட்டு உரைநடைக் கதைகளை 1697 ஆம் ஆண்டில் பாரிசிலே வெளியிட்டார். அவருடைய செந்தொப்பிச் சிறுமி ஓநாய்க்கு இரையாவதோடு கதை முடிந்துவிடுகின்றது. அவளை மீட்பார் எவருமிலர். வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை உயிரோடு மீட்கும் முடிவு 1812 ஆம் ஆண்டில் வெளிவந்த கிறிம் சகோதரரின் தொகுதியிலேயே காணப்படுகின்றது. எனவே, ‘பழைய கதை’ எனப் பலர் இன்று போற்றுவது முன்னொரு கதையின் மாற்றமேயாகும்.

கிறிம் சகோதரரின் தொகுதியே இவ்வுண்மைக்குத் தலைசிறந்த சான்றாகும். 1812 இலும் 1815 இலும் இரு பாகங்களாக வெளிவந்த முதற் பதிப்பு ஆராய்ச்சிக் குறிப்புக்களோடு அமைந்திருந்தது. அது சிறுவருக்கு ஏற்றதன்று என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது. அதன்பின் 1857 ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு வரை, பெரும்பாலும் வில்ஹெல்ம் கிறிமின் கையினால், கதைகள் தொடர்ந்து திருத்தப்பட்டன. முதற் பதிப்பிலே வெண்பனி இளவரசியைக் கொல்ல முயன்றவள் அவளைப் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்ற தாய் தன் மகவைக் கொல்லத் துணிவாள் என்பதைச் சிறுவருக்கும் குடும்பத்தாருக்கும் கூறத் திருத்தியோர் விரும்பவில்லைப் போலும். கோபுரத்தில் அடைபட்ட இறப்பன்சல் கருவுற்றமையைக் காட்டிய குறிப்பும் பின்னைய பதிப்புக்களில் நீக்கப்பட்டது. 1825 ஆம் ஆண்டிலே ஐம்பது கதைகளைத் தெரிந்தெடுத்து, தம்பியாராகிய லூட்விக் எமில் கிறிம் வரைந்த ஏழு படங்களோடு சிறிய பதிப்பொன்று வெளியிடப்பட்டது. கதைகளைக் குடும்பங்களுக்குள்ளும் சிறுவர் கைகளிலும் கொண்டுசேர்த்தது இப்படப்பதிப்பே.

இத்திருத்தங்களிலே மற்றொரு போக்கும் உண்டு. கிறிம் சகோதரருக்குக் கதை சொன்னோருட் பெரும்பாலார் பெண்களே. காசல் நகரத்து நடுத்தரக் குடும்பங்களின் இளம் பெண்களும், தையற்காரர் ஒருவரின் மனைவியாகிய டொரத்தியா பீமன் என்பாரும் அவர்களுட் குறிப்பிடத்தக்கோர். ஆனால், பதிப்புக்கள் தொடரத் தொடரச் சிண்டரெல்லா போன்ற கதாநாயகிகள் தம் வாயாற் பேசும் பேச்சுக் குறைந்து சென்றமையை றூத் பொட்டிக்ஹைமர் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். பெண்கள் சொன்ன கதைகள் அச்சேறியபொழுது, கதைக்குள் நின்ற பெண்கள் மெல்ல மெல்ல வாயடைக்கப்பட்டனர்.

இருபதாம் நூற்றாண்டிலே திரைப்படம் இப்போக்கினை வலுப்படுத்தியது. வோல்ற் டிஸ்னி நிறுவனம் 1937 இல் வெண்பனி இளவரசியையும், 1950 இல் சிண்டரெல்லாவையும், 1959 இல் உறங்கும் அழகியையும் திரைக்குக் கொண்டுவந்தது. எனவே 1970 களில் எழுந்த விவாதம் இப்பின்னணியில் நோக்கப்பட வேண்டியதாகும். நாட்டார் கதைகளிலே துணிவும் அறிவும் மிக்க பெண்கள் பலர் உளர் என 1970 ஆம் ஆண்டில் அலிசன் லூரி எழுதினார். அத்தகைய கதைகள் இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் அறிந்தவை அவையல்ல என 1972 இல் மார்சியா லீபர்மன் மறுத்தார். பிள்ளைகள் அறிந்த ஒருசில கதைகளில் அழகே பெண்ணின் தகுதி, காத்திருத்தலே அவளின் செயல், திருமணமே அவள் பெறும் பரிசு என்பது அவரின் வாதம். இருவர் கூற்றும் உண்மையே என்பதனை 1975 இல் கே ஸ்ரோன் தெளிவுபடுத்தினார். கிறிம் தொகுதியிற் செயற்றிறன் மிக்க பெண்களும் உளர். ஆயினும் பொதுமக்கள் பதிப்புக்களும் திரைப்படங்களும் செயலற்றோரையே பெரிதும் தெரிந்தெடுத்தன.

பெண்கள் கதைக்குள்ளே வாயடைக்கப்பட்டனரெனின், வேறு சிலர் கதைக்குள் நுழையவே இல்லை. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்த நான்சி லாரிக், அவற்றுள் 349 நூல்களிலேயே கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்றிருத்தலை 1965 இல் வெளிப்படுத்தினார். இது 6.7 வீதமாகும். ஏனைய நூல்களில் மன்னனும் மகளும் மட்டுமன்றி, வழிப்போக்கன்கூட வெள்ளையனாகவே இருந்தான். பிள்ளைக்கு நூல் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறரைக் காட்டும் சாளரமாகவும் அமைதல் வேண்டும் என்னும் கருத்தினை 1990 ஆம் ஆண்டில் றூடின் சிம்ஸ் பிஷப் விளக்கினார். சிம்பாப்வேயின் பழம்பெரும் இடிபாடுகளைப் பின்னணியாகக் கொண்டு ஜோன் ஸ்ரெப்ரோ 1987 இல் வரைந்து எழுதிய ‘முபாறோவின் அழகிய புதல்வியர்’ இவ்வகையில் விதந்து கூறத்தக்க நூலாகும்.

புதிய தேவதைக் கதைகளுள் வகுப்பறையிலே மிகுதியும் வழங்கியது றொபேட் மன்ஷ் எழுதி, மைக்கல் மார்ச்சென்கோ படம் வரைந்து, 1980 இல் கனடாவில் வெளிவந்த ‘காகிதப்பை இளவரசி’ என்னும் நூலாகும். அதன் தோற்றமே பிள்ளைகளின் நடுவில் நிகழ்ந்தது. மன்ஷ் சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றிற் பணியாற்றியபொழுது இறாட்சதப் பறவைநாகக் கதைகள் பலவற்றைச் சொல்லிவந்தார். எப்பொழுதும் இளவரசனே இளவரசியை மீட்பது ஏன் என அங்கேயே பணியாற்றிய அவருடைய மனைவியார் வினவினார். அவ்வினாவின் விடையே இந்நூல். பறவைநாகம் எலிசபெத் இளவரசியின் மாளிகையையும் ஆடைகளையும் எரித்து, அவள் மணக்கவிருந்த றொனால்டைத் தூக்கிச் செல்கின்றது. எஞ்சிய காகிதப்பையை உடுத்துச் சென்ற அவள், மதிநுட்பத்தால் நாகத்தைக் களைப்புறச் செய்து அவனை மீட்கின்றாள். அவனோ அவளுடைய கோலத்தைப் பழிக்கின்றான். அவள் அவனை மணக்க மறுத்து மகிழ்வோடு தன் வழியே செல்கின்றாள்.

இத்தகைய கதையைக் கேட்கும் பிள்ளை அதன் கருத்தை ஐயமின்றி உணரும் என எவரும் எண்ணுவர். ஆனால், அவுஸ்திரேலிய ஆய்வாளர் புறொன்வின் டேவிஸ் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதனையும் இதுபோன்ற பிற கதைகளையும் படித்துக்காட்டி, அவர்கள் கூறியவற்றை 1989 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பெறுபேறு வியப்புக்குரியது. எலிசபெத் அழுக்காக இருந்தாள். அவள் குளித்து நல்லாடை அணிந்து வந்திருக்க வேண்டும். றொனால்ட் சொன்னது சரியே எனப் பிள்ளைகள் பலர் கருதினர். ஆண்பிள்ளைகள் சிலருக்கு அவனே வீரனாகவும் தோன்றினான். கதையை எழுதியவர் மாற்றியிருந்தார். கேட்டவர்களோ அதனைத் தாம் முன்னரே அறிந்த பழைய கதையின் அச்சிலே வார்த்துக் கொண்டனர். புதிய முடிவு அவர்களுக்கு விடுதலையாகத் தோன்றவில்லை. தவறிப்போன திருமணமாகவே தோன்றியது.

இப்பெறுபேறு கொண்டு புதிய நூல்கள் பயனற்றவை என முடிவுசெய்தல் பொருந்தாது. டேவிஸ் அம்முடிவுக்கு வரவில்லை. பின்னர் அவர் ஆரம்பப் பாடசாலை மாணவரைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, கதைகள் ஆணையும் பெண்ணையும் எவ்வாறு படைக்கின்றன என்பதனை அவர்களே கண்டறியவும், தாமே மாற்றி எழுதவும் பயிற்றினார். 1993 இல் வெளிவந்த அவருடைய மற்றொரு நூல் இம்முயற்சியை விவரிக்கின்றது. முதல் ஆய்வு பிள்ளைகள் கதையைக் கேட்ட விதத்தைக் காட்டியது. இரண்டாவது, கேட்கும் விதமும் கற்பிக்கத்தக்கதே என்னும் நம்பிக்கையில் எழுந்தது.

இவ்வேறுபாட்டினை மனங்கொள்ளாமையே பிற்காலத்து வழக்குகளின் வெப்பத்துக்கு ஒரு காரணம் எனலாம். லிண்டா டி ஹான், ஸ்ரேர்ன் நைலாண்ட் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் வெளியிட்ட ‘அரசனும் அரசனும்’ என்னும் படநூலிலே, இளவரசியர் பலரைக் கண்டும் மனங்கொள்ளாத இளவரசன் ஓர் இளவரசியின் உடன்பிறந்தானை விரும்பி மணக்கின்றான். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து லெக்சிங்ரன் நகரில் ஆசிரியை ஒருவர் 2006 இல் இதனை இரண்டாம் வகுப்பிற் படித்துக்காட்டினார். பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். ஒரு கருத்தைப் பிள்ளை கேட்க நேர்தல் அதனை அதன்மேற் திணித்தலாகாது என்ற நோக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008 இல் வழக்கைத் தள்ளியது. மேரிலாந்து மாநிலத்து மொன்ற்கொமரி மாவட்டத்தில் எழுந்த வழக்கின் முடிவு இதற்கு மாறானது. இளவரசனும் வீரனும் மணம்புரியும் கதை உட்படப் பல படநூல்கள் அங்கு வகுப்புக்களிற் சேர்க்கப்பட்டன. பிள்ளைகளை அப்பாடங்களிலிருந்து விலக்கிக்கொள்ளும் வசதி 2023 இல் நிறுத்தப்பட்டது. வெவ்வேறு சமயங்களைச் சார்ந்த பெற்றோர் தொடுத்த அவ்வழக்கில், 2025 ஜூன் 27 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையிற் பெற்றோரின் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கு முடியும்வரை தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ள அவர்களுக்கு இடமளித்தது. ஹங்கேரியிலோ விவாதம் நீதிமன்றத்துக்கு வெளியிலேயே முற்றியது. பலதரப்பட்ட மாந்தரை உள்ளடக்கி 2020 இல் வெளிவந்த தேவதைக் கதைத் தொகுதியொன்றைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பலரறியத் துண்டாக்கினார்.

இவ்வழக்குகளில் எழுந்த உரிமை வினாக்கள் எளியனவல்ல. சமய நம்பிக்கையுடைய பெற்றோரின் கவலையை இழிவாகக் கருதுதலும் முறையன்று. தன் குடும்பத்தைப் போன்ற குடும்பம் எந்நூலிலும் இல்லாத பிள்ளையின் தனிமையைப் புறக்கணித்தலும் முறையன்று. ஆயினும், நூலை அஞ்சினோரும் நூலை நம்பினோரும் ஓர் எண்ணத்தில் ஒன்றுபட்டனர். நூல் பிள்ளையின்மேல் நேரே செயற்படும் என்பதே அது. டேவிஸ் கண்ட பிள்ளைகளோ அவ்வாறு கேட்கவில்லை.

எனவே, வகுப்பறையிலே புதிய தேவதைக் கதையைப் பயன்படுத்தும் ஆசிரியர் மேற்கொள்ளத்தக்க வழியை வரலாறே சுட்டுகின்றது. புதியதைப் பழையதற்கு மாற்றாக வைத்தலினும், இரண்டையும் அருகருகே வைத்தல் நன்று. செந்தொப்பிச் சிறுமியை மீட்காத பெரோவையும் மீட்ட கிறிம் சகோதரரையும் அடுத்தடுத்துக் கேட்கும் பிள்ளை, கதை என்பது எவரோ ஒருவர் ஏதோவொரு காரணத்துக்காகத் தெரிந்து சொல்வது என்பதனைத் தானே உணரும். அதன்பின், எலிசபெத் ஏன் அவனை மணக்கவில்லை என்று வினவி, பிள்ளை தரும் விடையைத் திருத்த விரையாது கேட்டல் வேண்டும். அவள் அழுக்காக இருந்தாள் என்னும் விடையே பாடத்தின் தொடக்கமாகும். அவ்விடையைக் கேட்காது அடுத்த பக்கத்தைப் புரட்டும் ஆசிரியரின் கையில் எத்துணைப் புதிய நூலும் பழைய நூலாகவே முடியும்.