பங்க் இசையும் குடிபெயர்ந்தோர் குரலும்

1970களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் வேலையின்மையும் விலையேற்றமும் பெருகின. அச்சூழலிற் பிறந்ததே பங்க் இசை. நீண்ட இசைப்பயிற்சியோ பெருங்கம்பனிகளின் ஆதரவோ வேண்டியதில்லை, சொல்லுதற்கு ஒன்றிருந்தாற் போதும் என்பது அதன் கொள்கை. 1977இல், மகாராணியின் வெள்ளிவிழாவின்போது, செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழு வெளியிட்ட முடியாட்சி எதிர்ப்புப் பாடலை பி.பி.சி. ஒலிபரப்ப மறுத்தது. எசெக்ஸிற் கூடிவாழ்ந்த கிராஸ் குழுவினர் போரையும் அரசதிகாரத்தையும் எதிர்த்துப் பாடி, தம் இசைத்தட்டுக்களைத் தாமே மலிவு விலைக்கு வெளியிட்டனர்.

1976இல் எரிக் கிளப்ரன் மேடையிற் குடியேறியோரை இழித்துரைத்தார். அதற்கு எதிர்வினையாக ‘இனவாதத்துக்கெதிரான றொக்’ இயக்கம் தோன்றியது. 1978 ஏப்ரல் 30இல் இலண்டன் விக்ரோறியாப் பூங்காவில் அவ்வியக்கம் நடத்திய விழாவிற் கிளாஷ் குழு பாடியது. ஆயினும் பங்க் உலகம் முழுவதும் ஒரே நெறியில் நின்றதெனல் பொருந்தாது. சில குழுக்கள் இனவாதக் கட்சியான தேசிய முன்னணியின் பக்கஞ் சார்ந்தன.

1983இன் பின் வல்வெட்டித்துறை முதலிய ஊர்களிலிருந்து ஈழத்தமிழர் பலர் இந்த இலண்டனையே வந்தடைந்தனர். இலண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1980களின் நடுப்பகுதியில் அகதியாக மீண்டவர் மாதங்கி அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.). குடியேறியோரை ஐயுறும் பார்வையை எள்ளும் ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்னும் பாடலை 2007இல் அவர் வெளியிட்டார். அதன் அடித்தளம், கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துண்டாகும். குடிபெயர்ந்தோரின் புறக்கணிப்பைப் பற்றிக் கிளாஷ் பாடிற்று. கால் நூற்றாண்டின் பின் குடிபெயர்ந்தவரே அவ்விசை மீது பாடினார். பிறருக்காக எழுந்த குரல் அப்பிறரின் சொந்தக் குரலாக மாறியதே பங்க் கொள்கையின் உண்மையான வெற்றி எனலாம்.